ஏரிக்கரை மீனவர் செதுக்கிய தக்கை மீன்: பாஸ் தூண்டிலை மாற்றிய லவுரி ரப்பலா யார்?

1962 ஆகஸ்ட். நடிகை மர்லின் மன்றோ இறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவரது படத்தை அட்டையில் போட்டு ஆகஸ்ட் 17 தேதியிட்ட 'லைஃப்' இதழ் வெளிவந்தது. அமெரிக்கா முழுக்கப் பரபரப்பாக விற்றது.

மன்றோவுக்காக அந்த இதழை வாங்கியவர்களுக்கு, பக்கங்களைப் புரட்டும்போது இன்னொரு கட்டுரையும் கண்ணில் பட்டது. பின்லாந்தில் ஏரிக்கரையில் வாழும் ஒரு மீனவரும் அவர் குடும்பமும் மரத்தில் செதுக்கும் விரல் நீள பொம்மை மீனைப் பற்றிய கட்டுரை அது. அந்தப் பொம்மையை உண்மையான மீன் என்று நம்பி மற்ற மீன்கள் பாய்ந்து கவ்வுகின்றன என்றது கட்டுரை.

அவ்வளவுதான். அதை அமெரிக்காவில் இறக்குமதி செய்து விற்ற சிறிய நிறுவனத்துக்கு ஆர்டர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தன. கடைகளில் சரக்கு தீர்ந்தது. சில கடைக்காரர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு அந்தப் பொம்மை மீனை நாள் வாடகைக்கு விட்டார்கள் என்றுகூட சொல்வார்கள்.

அதைச் செதுக்கியவர் பெயர் லவுரி ரப்பலா. பெரிய படிப்பெல்லாம் கிடையாது. எந்த ஆய்வகத்திலும் வேலை பார்த்ததில்லை. அமெரிக்காவின் பாஸ் மீனுக்காக அவர் அதைச் செய்யவும் இல்லை. பிறகு எப்படி அது பாஸ் பிடிப்பவர்களின் பெட்டியில் தவிர்க்க முடியாத பொருளாக ஆனது? அதைப் புரிந்துகொள்ள, அவர் படகு ஓட்டிய ஏரிக்குப் போக வேண்டும்.

பெயரே ஒரு தவறில் வந்தது

லவுரி 1905 நவம்பர் 15-ம் தேதி தெற்கு பின்லாந்தின் சிஸ்மா பகுதியில் பிறந்தார். அம்மா பெயர் மாரி சாரினென். ஏழைக் குடும்பம். லவுரி சிறுவனாக இருந்தபோதே அம்மாவும் மகனும் பக்கத்தில் உள்ள அசிக்கலா பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் அங்கே ஊருக்குள் புதிதாக வருபவர்களின் விவரத்தை தேவாலயப் பதிவேட்டில்தான் எழுதுவார்கள். எழுதிய பாதிரியாருக்கு மாரியின் குடும்பப் பெயர் நினைவுக்கு வரவில்லையாம். அவர்கள் எந்தக் கிராமத்தில் இருந்து வந்தார்களோ அந்தக் கிராமத்தின் பெயரையே எழுதிவிட்டார். அதுதான் ரப்பலா. பின்னிஷ் மொழியில் 'ரப்பா' என்றால் சேறு. பிற்காலத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பிராண்டின் பெயர் இப்படி வந்ததுதான்.

லவுரி வளர்ந்ததும் கிடைத்த வேலையைச் செய்தார். குளிர்காலத்தில் காட்டில் மரம் வெட்டுவார். பனி உருகியதும் மீன்பிடிப்பார். 1928-ம் ஆண்டு எல்மா லெப்பானெனைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே உலகப் பொருளாதாரம் சரிந்தது. வீட்டில் குழந்தைகள் பெருகினார்கள், கையில் காசு இல்லை. மீன் கிடைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை.

ஆயிரம் முள்ளுக்கு ஆயிரம் இரை

அவர் மீன்பிடித்தது பைஜான்னே ஏரியில். பின்லாந்தின் இரண்டாவது பெரிய ஏரி அது. பரப்பளவு 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மிக ஆழமான இடத்தில் 95 மீட்டர் இருக்கும். நாட்டிலேயே ஆழமான ஏரியும் இதுதான். டிரவுட், பைக், பெர்ச் என வேட்டையாடும் மீன்கள் நிறைய உண்டு.

நீளமான கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முட்களைக் கட்டி ஏரியில் விடுவது லவுரியின் தொழில்முறை. ஒரு கயிற்றில் ஆயிரம் முட்கள் வரை இருக்கும். இதில் சிக்கல் என்ன தெரியுமா? ஆயிரம் முள்ளுக்கும் இரை வேண்டும். முதலில் சின்ன மீன்களைப் பிடிக்க வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாக முள்ளில் குத்த வேண்டும். மறுநாள் கயிற்றை இழுத்தால் பாதி இரை போயிருக்கும். மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நாளின் பெரும்பகுதி மீன்பிடிப்பதில் போகவில்லை, இரை கோப்பதிலேயே போனது. அழியாத, திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய ஓர் இரை இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்? கடையில் விற்ற உலோகத் தகடு போன்ற பொய்யிரைகளை வாங்க அவரிடம் வசதி இல்லை. நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

இப்போது 'லூர்' என்று சொல்லப்படும் பொய்யிரை அவருக்குப் பொழுதுபோக்குச் சாமான் இல்லை. அது நேரக் கணக்கு, வயிற்றுக் கணக்கு.

படகில் இருந்து அவர் பார்த்தது என்ன?

துடுப்பு போடும் நேரங்களில் லவுரி படகின் விளிம்பு வழியாகத் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டே போவார். குட்டி மீன்கள் கூட்டமாக நீந்தும். திடீரென்று ஒரு பெரிய மீன் அந்தக் கூட்டத்துக்குள் பாயும்.

நூறு மீன் இருக்கும் கூட்டத்தில் அது எதைப் பிடிக்கிறது? கையில் கிடைத்ததை எல்லாம் கவ்வுவது போலத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் லவுரி கவனித்தது வேறு. கூட்டத்தோடு ஒத்துப்போகாமல், கொஞ்சம் தள்ளாடி, பக்கவாட்டில் ஆடியபடி நீந்தும் மீன் ஒன்று இருக்கும். அடிபட்டதோ, பலவீனமானதோ. பாய்ந்து வந்த மீன் அதைத்தான் குறிவைத்தது.

யோசித்தால் இதில் கணக்கு இருக்கிறது. வேட்டையாடும் மீனுக்கும் சக்தி என்பது சேமிப்புதான். நன்றாக நீந்தும் மீனைத் துரத்தினால் சக்தி செலவாகும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. தள்ளாடும் மீன் சுலபமான சாப்பாடு.

அதனால் மீனைப் போலவே தோற்றமளிக்கும் பொம்மை மட்டும் போதாது, அடிபட்ட மீனைப் போல நீந்தும் பொம்மை வேண்டும் என்று லவுரிக்குப் புரிந்தது. அவர் வாழ்க்கையின் மிகப்பெரிய கண்டுபிடிப்பு இந்தக் கவனிப்புதான். மற்றதெல்லாம் கைவேலை.

தக்கை, சாக்லேட் தாள், பழைய பிலிம்

1936-ம் ஆண்டு அந்த முதல் பொய்யிரை உருவானது. உடலுக்குத் தக்கை. செதுக்க, செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்தும் கத்தி. மழமழப்பாக்க உப்புத்தாள். மீனின் செதில் மாதிரி மின்ன வேண்டுமே? சாக்லேட் சுற்றி வரும் பளபளப்பான தாளை ஒட்டினார். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க மேல்பூச்சு வேண்டும். வார்னிஷ் வாங்கக் காசில்லை. பழைய புகைப்பட நெகட்டிவ் பிலிம்களை உருக்கிப் பூசினார்.

முதுகு கறுப்பு, பக்கவாட்டில் தங்க நிறம், வயிறு வெள்ளை. அந்த ஏரியின் குட்டி மீனுடைய அதே நிறங்கள்.

முதல் முயற்சியிலேயே சரியாக வந்துவிடவில்லை. செதுக்கி, தண்ணீரில் இழுத்துப் பார்த்து, மறுபடி செதுக்கி என்று நீண்ட காலம் போனது. மூக்குப் பகுதியின் வடிவம், கீழே எடை இருக்கும் இடம், நரம்பு கட்டும் வளையத்தின் கோணம் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தள்ளாட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் மீன் நேராகப் போகும், அல்லது பம்பரம் மாதிரி சுற்றும்.

சரியாக அமைந்த பிறகு பலன் கண்முன் தெரிந்தது. சில நாட்களில் 250 கிலோவுக்கும் மேல் மீன் பிடித்தார் என்று ரப்பலா நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. அந்த எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருந்தாலும்கூட, அக்கம்பக்கத்து மீனவர்கள் அவரிடம் வந்து எனக்கும் ஒன்று செய்து கொடு என்று கேட்கத் தொடங்கினார்கள் என்பதே போதுமான சான்று.

போர் வந்தது, தக்கை போனது

1939-ல் சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கியது. 1944 வரை இடைவெளி விட்டு இரண்டு போர்கள். லவுரியும் ராணுவத்தில் பணியாற்றினார். போர்க்காலத்தில் தக்கை கிடைப்பது அரிதானது. அவர் காட்டில் கிடைத்த பைன் மரப் பட்டையை எடுத்துச் செதுக்கினார். மரம் வெட்டியவருக்கு மரத்தின் குணம் தெரியாதா என்ன?

பிற்காலத்தில் பால்சா மரம் வந்தது. மிக மிக இலகுவான மரம் இது. இலகுவாக இருப்பதால் நீரில் சின்ன அசைவுக்கும் துடிப்பாக ஆடும். ரப்பலா பொய்யிரையின் அந்தத் தனித்துவமான நடைக்கு பால்சா பெரிய காரணம்.

போருக்குப் பிறகு அது குடும்பத் தொழிலானது. மகன்கள் ரிஸ்டோ, என்சியோ உள்ளிட்டோர் சேர்ந்துகொண்டார்கள். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் நடந்தபோது, பார்க்க வந்த வெளிநாட்டவர் சிலர் வழியாக இந்தப் பொம்மை மீன் எல்லை தாண்டியது.

அமெரிக்காவுக்குப் போனது எப்படி?

மினசோட்டா மாநிலம். ஆயிரக்கணக்கான ஏரிகள் உள்ள பகுதி. பின்லாந்தில் இருந்து குடியேறியவர்களும் அங்கே அதிகம். தூண்டில் சாமான் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த ரான் வெபரின் கண்ணில் 1950-களின் கடைசியில் இந்தப் பொய்யிரை பட்டது. தன் பெட்டியில் இருந்த எதையும்விட இது அதிக மீன் பிடிக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். கடை நடத்திவந்த ரே ஆஸ்ட்ரமுடன் சேர்ந்து பின்லாந்துக்குக் கடிதம் எழுதினார். 1959-ல் முதலில் 500 எண்ணிக்கை வரவழைத்தார்கள். அந்தக் கூட்டு முயற்சிதான் பிறகு 'நார்மார்க்' நிறுவனமாக ஆனது.

நேரமும் கைகொடுத்தது. முன்பு அமெரிக்காவில் பயன்பட்ட கனமான ரீல்களும் பின்னிய நூலும் இவ்வளவு இலகுவான பொருளைத் தூரமாக வீசுவதற்கு ஏற்றவை அல்ல. போருக்குப் பிறகு 'ஸ்பின்னிங்' ரீல்களும் மெல்லிய நைலான் நரம்பும் பரவின. நம்ம ஊரில் தங்கூசி என்பார்களே, அதேதான். சில கிராம் எடையுள்ள பால்சா மீனை வீச இப்போது வழி இருந்தது. பிறகு 'லைஃப்' கட்டுரை வந்தது, மீதிக் கதை மேலே படித்ததுதான்.

சரி, பாஸ் என்றால் என்ன மீன்?

ஆபீஸ் பாஸ் இல்லை! ஓட்டலில் 'சீ பாஸ்' என்று மெனுவில் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊரில் பெரும்பாலும் அது கொடுவா. அமெரிக்கர்கள் கொண்டாடும் 'பிளாக் பாஸ்' வேறு குடும்பம். வட அமெரிக்காவின் நன்னீர் மீன். பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் இரண்டும் இதில் முக்கியமானவை.

பெருவாய் பாஸ் தேங்கிய நீரையும் நீர்ச்செடிகளையும் விரும்பும். சிறுவாய் பாஸுக்குப் பாறையும் தெளிந்த, சற்றுக் குளிர்ந்த நீரும் பிடிக்கும். இரண்டுமே பதுங்கியிருந்து பாயும் வேட்டைக்காரர்கள். பைஜான்னே ஏரியில் லவுரி பார்த்த அதே கணக்கைத்தான் இவையும் போடுகின்றன: குறைந்த செலவில் சாப்பாடு.

பெருவாய் பாஸின் உலக சாதனை எடை சுமார் 10 கிலோ. 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி, மரத்தில் செய்த ஒரு பொய்யிரையால் பிடித்தார். அவரும் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் குடும்பத்தின் சாப்பாட்டுக்காக மீன்பிடித்தவர்தான். பிடித்த மீன் அன்றைக்குக் குழம்பானது. அந்த எடையை 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் சமன் செய்தார்.

ஆக, பாஸ் எங்கே பதுங்கியிருக்கிறது, எவ்வளவு பசியோடு இருக்கிறது என்பதைத் தண்ணீரும் வானிலையும் தீர்மானிக்கின்றன. தள்ளாடும் பொம்மையை எவ்வளவு வேகமாக ஆட்டுவது என்பதை அவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீரைப் பார்த்து ஆட்டம்

*தெளிந்த, அசையாத நீர்:* பாஸுக்குக் கண் நன்றாகத் தெரியும் இடம் இது. உங்களையும் பார்த்துவிடும். அதனால் தூரத்தில் நின்று வீச வேண்டும். மெல்லிய நரம்பு, இயற்கையான நிறம். மிதக்கும் பொம்மை விழுந்ததும் உடனே இழுக்கக் கூடாது. விழுந்த இடத்தின் அலை வட்டங்கள் அடங்கும்வரை சும்மா இருங்கள். பிறகு கம்பின் நுனியை லேசாக ஒரு சுண்டு. நிறுத்தம். இன்னொரு சுண்டு. சாகப்போகும் மீனின் கடைசித் துடிப்பு மாதிரி. பல நேரம் அந்த நிறுத்தத்தில்தான் அடி விழும்.

*கலங்கல் தண்ணி:* கண் உதவாது. ஆனால் மீனின் உடலில் பக்கவாட்டுக் கோடு என்ற உணர்வு உறுப்பு உண்டு, நீரின் அதிர்வை அதனால் அறியும். அகலமாக ஆடும், அதிர்வு அதிகம் தரும் பொய்யிரை வேண்டும். கலங்கலில் கறுப்பு நிழல் மாதிரி தெரியும், அடர் நிறங்கள் எடுபடும். பளிச்சென்ற நிறங்களும் எடுபடும். மீன் தேடி வர நேரம் கொடுத்து மெதுவாக இழுக்க வேண்டும். கட்டை, செடி, பாறை ஓரமாக வீச வேண்டும்.

*ஓடும் ஆறு:* மீன் நீரோட்டத்தின் நடுவில் நின்று சக்தியை வீணாக்காது. பாறைக்குப் பின்னால், வளைவின் உட்புறம், விழுந்த மரத்தின் அடியில் என்று ஓட்டம் தணியும் இடத்தில் நிற்கும். ஓட்டம் கொண்டுவரும் இரைக்குக் காத்திருக்கும். மேல்பக்கம் வீசி, ஓட்டத்தோடு பொம்மையை அந்த இடத்துக்கு மிதக்கவிட வேண்டும்.

*செடி அடர்ந்த குளம்:* மூன்று முனை முள் உள்ள பொம்மை மீன் இங்கே செடியில் மாட்டும். செடி முடியும் விளிம்பிலும், நடுவே உள்ள திறப்புகளிலும் மட்டும் வீசலாம். செடிக்குள்ளே போக வேண்டுமென்றால் முள் மறைந்திருக்கும் ரப்பர் புழு அல்லது ரப்பர் தவளைதான் சரி.

வானிலையைப் பார்த்து வேகம்

மீனின் உடல் வெப்பம் தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதனால் வெப்பநிலைதான் அதன் பசியின் கடிகாரம்.

*குளிர்ந்த நீர்:* 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பாஸ் மந்தமாகும். செரிமானமும் மெதுவாகும். துரத்தி வராது. பொம்மையை அதன் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு சுண்டு, 10 விநாடி காத்திருப்பு என்றுகூட மீன்பிடிப்பார்கள். மிதக்கும் பொம்மை மேலே எழும்பிவிடும் என்பதால், சின்ன ஈயத் துண்டைச் சேர்த்து, நடுநீரில் அப்படியே நிற்கும்படி செய்வதும் உண்டு.

*இளவெயில் காலம்:* நீர் 15 முதல் 20 டிகிரி வரும்போது பெருவாய் பாஸ் முட்டையிட ஆழம் குறைந்த கரையோரம் வரும். ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும். பசி இல்லாவிட்டாலும் அருகே வரும் எதையும் தாக்கும். பிடிப்பது சுலபம். ஆனால் காவல் மீனைத் தூக்கிவிட்டால் முட்டைகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். அதனால் இந்தப் பருவத்தில் சில பகுதிகளில் கட்டுப்பாடுகள் உண்டு.

*கோடை:* அதிகாலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் மேற்பரப்பில் வேட்டை நடக்கும். மிதக்கும் பொம்மைக்கு இதுதான் பொன்னான நேரம். வெயில் ஏறியதும் மீன் நிழலுக்கோ ஆழத்துக்கோ போய்விடும். மூழ்கும் வகைப் பொய்யிரை அப்போது தேவை. விழுந்ததில் இருந்து விநாடிகளை எண்ணி, எந்த ஆழத்தில் அடி விழுகிறது என்று கண்டுபிடித்து அதே எண்ணிக்கையைத் திரும்பச் செய்வார்கள்.

*மேகமூட்டம், மழைக்கு முன்:* வெளிச்சம் குறையும்போது பாஸ் ஒளிவிடத்தை விட்டு வெளியே வந்து சுற்றும். அப்போது வேகமாக இழுத்து அதிக இடத்தைத் தேடலாம். மழை பெய்த பிறகு ஓடை வந்து கலக்கும் வாய்ப்பகுதியைப் பாருங்கள். புழு, பூச்சிகளை வெள்ளம் அங்கே கொண்டுவந்து சேர்க்கும்.

*குளிர்காற்று கடந்த மறுநாள்:* நீலவானம், பளிச் வெயில். நமக்கு அழகான நாள். பாஸ் பிடிப்பவர்களுக்கு மோசமான நாள். மீன் ஒளிவிடத்தோடு ஒட்டிக்கொள்ளும், வாயைத் திறக்காது. சின்ன பொய்யிரை, மிக மெதுவான ஆட்டம், நிறைய பொறுமை. வேறு குறுக்குவழி கிடையாது.

*காற்று:* காற்று அடிக்கும் கரையை நோக்கி நுண்ணுயிர்கள் ஒதுங்கும், அவற்றைத் தேடிக் குட்டி மீன்கள் வரும், அவற்றைத் தேடி பாஸ் வரும். ஆகவே காற்று மோதும் கரைக்குப் போங்கள். ஆனால் பால்சா மீனுக்கு இங்கே ஒரு பலவீனம். இலகுவாக இருப்பதால் எதிர்க்காற்றில் பறந்து திரும்பும். அப்படிப்பட்ட நாளில் கனமான வேறொன்றை எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஒரு முடிச்சும் ஒரு திருப்பமும்

லவுரியின் கண்டுபிடிப்பை வாங்கிவிட்டு அதைக் கெடுப்பதும் சுலபம். நரம்பை வளையத்தோடு இறுக்கிக் கட்டினால் ஆட்டம் செத்துவிடும். சின்ன கண்ணி விட்டுக் கட்டினால்தான் பொம்மை சுதந்திரமாக ஆடும். அப்படி ஒரு முடிச்சுக்கே 'ரப்பலா முடிச்சு' என்று பெயர்.

அதேபோல், பெரிய மீன் கடித்த பிறகு பொம்மை ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடலாம். வலப்பக்கம் ஓடினால் மூக்கில் உள்ள வளையத்தை மூக்குக்குறடால் துளி இடப்பக்கம் வளைக்க வேண்டும். இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம். துளி என்றால் துளிதான்.

பொம்மை சரியாக நீந்துகிறதா என்று லவுரி தானே தண்ணீரில் விட்டுப் பார்ப்பது வழக்கம். ஆர்டர் குவிந்தபோது இந்தச் சோதனையை விட்டுவிட்டிருந்தால் உற்பத்தி வேகமாகியிருக்கும். அவர்கள் விடவில்லை. தொழிற்சாலை வந்த பிறகும் ஒவ்வொன்றையும் தொட்டித் தண்ணீரில் நீந்தவிட்டு, கையால் திருத்தி அனுப்பும் முறை தொடர்ந்தது. தள்ளாட்டம் இல்லையென்றால் அது வெறும் பெயின்ட் அடித்த கட்டை என்பது செதுக்கியவருக்குத்தானே தெரியும்.

அவர் போன பிறகு

லவுரி ரப்பலா 1974 அக்டோபர் 20-ம் தேதி, 68-வது வயதில் காலமானார். அதற்குள் அமெரிக்காவில் பாஸ் மீன்பிடிப்பு பெரிய விளையாட்டாக மாறத் தொடங்கியிருந்தது. 1967-ல் அர்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் என்பவர் நடத்திய போட்டியில் இருந்து இந்த வளர்ச்சியைக் கணக்கிடுவார்கள். 1971-ல் 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்' என்ற பெரிய போட்டி வந்தது. பரிசுத்தொகை, விளம்பரம், தொலைக்காட்சி எல்லாம் பின்னாலேயே வந்தன.

1972-ல் இன்னொரு முக்கிய மாற்றம். போட்டியில் பிடித்த மீனை உயிரோடு எடைபோட்டுத் திரும்ப விடும் வழக்கத்தை ஸ்காட் முன்னெடுத்தார். பிடித்து விடுவது இன்றைய பாஸ் விளையாட்டின் அடிப்படை நெறி. இதிலும் வானிலைக்கு இடம் உண்டு. வெப்பமான நீரில் ஆக்சிஜன் குறைவு, களைத்த மீன் பிழைப்பது கடினம். கோடையில் நீண்ட நேரம் இழுத்து விளையாடாமல், ஈரக் கையால் பிடித்து, சீக்கிரம் விட்டுவிட வேண்டும்.

பசிக்காகப் பிடித்த ஒருவரின் கருவி, பிடித்துவிட்டுத் திரும்ப விடும் விளையாட்டின் அடையாளமாக ஆனது விசித்திரம்தான். ரப்பலா இன்று ஹெல்சிங்கி பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். அதன் பொய்யிரைகள் உலகம் முழுக்க விற்கின்றன. நூற்றுக்கணக்கான வடிவங்கள், ஆயிரம் நிறங்கள். ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் சோனார் கருவிகளும் வந்துவிட்டன.

இவ்வளவு வசதி இருந்தும் வெறுங்கையோடு திரும்பும் நாட்கள் இன்னமும் உண்டு. புதிதாகத் தூண்டில் எடுப்பவர் அப்போது பெரும்பாலும் அடுத்த பொய்யிரையைத் தேடிக் கடைக்குப் போகிறார். லவுரியிடம் போக அப்படி ஒரு கடையே இருக்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரு படகு, ஒரு கத்தி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம்.

ஏரிக்கோ ஆற்றுக்கோ போனால், முதல் வீச்சுக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் செலவு செய்யுங்கள். காற்று எந்தக் கரையில் மோதுகிறது? தண்ணி தெளிவா, கலங்கலா? நிழல் எங்கே விழுகிறது? குட்டி மீன்கள் எங்கே கூடுகின்றன, எங்கே திடீரென்று சிதறுகின்றன? பெட்டியைத் திறந்து எதை எடுப்பது என்பது அதற்குப் பிறகு தானாகவே தெரிந்துவிடும்.